மூவாயிரம் வருஷத்து வீட்டுக்கு ஒரு பூட்டு

முதலில் அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டை அச்சு அசலாகத் திரும்பக் கட்டுகிறோம் என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு ஆணியைக்கூட உள்ளே விடாமல் காவல் காத்த மனிதர், வீட்டைத் திறந்துவைத்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு மரக்காணம் கடைத்தெருவில் ஒரு நல்ல பித்தளைப் பூட்டு வாங்கிவரச் சொன்னார். அந்த வீட்டுக்குக் கதவே கிடையாது. பனை மட்டையில் முடைந்த படல்தான். அதை அறுக்கக் காய் நறுக்கும் கத்தி போதும். அந்தப் படலையும் வாசல் கம்பத்தையும் இரும்புச் சங்கிலியால் சேர்த்துக் கட்டிப் பூட்டினோம். சாவி இரண்டு. ஒன்றை அவர் வைத்துக்கொண்டார், இன்னொன்றை என்னிடம் கொடுத்தார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் பிரம்மதேசம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தபால் வழியில் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, மல்லாட்டைக் கொல்லையில், அதாவது எங்கள் வேர்க்கடலைக் காட்டில், களை எடுத்தபடி வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். 2004 கோடையில் சென்னையிலிருந்து ஒரு புரொபசர், ஏதோ ஓர் அறக்கட்டளையின் உதவியோடு, உப்பளத்துக்கு மேற்கே இருக்கும் மேட்டைத் தோண்ட வந்தார். தினமும் நடப்பதை நோட்டில் எழுதவும் படம் வரையவும் ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதுவும் ஒரு மரியாதையாகிவிடும்.

மேட்டில் கிடைத்ததெல்லாம் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத விஷயங்கள். செம்மண்ணில் வட்டமாகப் பதினோரு கறுப்புத் திட்டுகள். அவை கம்பம் நட்ட குழிகள். மரம் மக்கிப்போய் அதன் நிறம் மட்டும் மண்ணில் தங்கியிருந்தது. நடுவில் அடுப்புக் கரி. ஒரு பக்கத்துச் சுவர் தீப்பிடித்து விழுந்து, அதன் மண்கட்டிகள் செங்கல் மாதிரி வெந்திருந்தன. அந்தக் கட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் பனை மட்டையின் வரியும் நெல் உமியின் அச்சும் தெரியும். அதற்கெல்லாம் கீழே சிமெண்டு போல இறுகிய ஒரு தரை. ராஜாவும் இல்லை, தங்கமும் இல்லை. யாரோ ஆக்கித் தின்று தூங்கிய இடம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த உமி அச்சை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன்.

கிடைத்த ஆதாரத்தை மட்டும் வைத்து, மேட்டுக்குப் பக்கத்திலேயே அந்த வீட்டைத் திரும்பக் கட்டுவது என்று புரொபசர் முடிவு செய்தார். அதில் அவருடைய பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. சவுக்கங்கழி கூடாது, அது இந்த ஊருக்குப் பின்னால் வந்த மரம்; குழியில் கிடைத்த கரி வேல மரத்துடையது, அதனால் வேலங்கம்பம்தான். கயிறு என்றால் பனை நார். சுவருக்கு உமி கலந்த மண். ஒருநாள் வேலையாள் ஒருவர் அவசரத்துக்கு நைலான் கயிற்றில் ஒரு மட்டையைக் கட்டிவிட்டார் என்று மொத்த வேலையையும் நிறுத்தி, அரை மணிநேரம் ஆங்கிலத்தில் திட்டினார். அப்போது எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கம்பம் நடுவதற்குள் டிசம்பர் வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் ஊருக்குள் வந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதட்டும். கழிமுகம் வழியாக உப்பளத்துக்குள் புகுந்து, பாத்தி பாத்தியாகச் சேற்றையும் மணலையும் கொட்டிவிட்டுப் போனது. பாத்திகளை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்களுக்குக் குடிசை போயிற்று. அவர்களை ரோட்டோரமாகத் தார் ஷீட்டில் வரிசையாகப் போட்ட கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கறுப்புத் தார் ஷீட். மேலேயும் அதுதான், நாலு பக்கமும் அதுதான். ஜன்னல் கிடையாது. தை மாதத்திலேயே பத்து மணிக்குமேல் உள்ளே உட்கார முடியாது. இதை யோசித்து ஒப்புதல் கொடுத்த மனிதர் எவரோ, அவரை ஒரு சித்திரை மதியம் அதற்குள் உட்காரவைத்துப் படலைச் சாத்த வேண்டும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பாத்தி கெட்டுப்போனதால் அந்த வருஷம் உப்பளத்துப் பெண்களுக்கு வேலை இல்லை. எங்களுக்கு மண் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவரை நான் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாற்பது வயதிருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். ஒரே மகள், அவளைக் கடலைவிட்டு உள்ளே தள்ளி ஒரு விவசாய ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். மகளுக்கு அப்போது ஆறாம் மாதம். அக்காவுக்கு ராப்பகலாக அந்த ஒரே கவலைதான்.

"தலைப்பிரசவம் தாய் வூட்லதான் பாக்கணும். தாய் வூடே கடலோட போச்சின்னா இன்னாம்மா பண்றது?" என்று என்னிடம் கேட்டார். "சம்பந்தியம்மா கேக்கறா, புள்ளைய பெத்து எந்த வூட்ல படுக்க வெப்பீங்கன்னு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சி."

முதல்நாள் புரொபசர் அந்தப் பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்து வேலையை விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். "வீட்டைக் கட்டிட்டு சும்மா விட்டா அது பொம்மை. ஒரு குடும்பம் அதுல ஒரு வருஷம் இருக்கணும். அடுப்பெரிக்கணும், படுக்கணும், பெருக்கணும். எது எப்படித் தேயுது, எங்க வெடிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். அதுதான் ஆராய்ச்சி" என்றார்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க இருக்கலாமா சார்? எம்பொண்ணு பிரசவத்துக்கு வர்றா."

"தாராளமா" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அக்கா அந்த வீட்டைக் கட்டினார். கூலிக்குக் கட்டவில்லை. கூலி வேலையில் ஆள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? மட்டையை வாங்கி வளைத்துப் பார்த்து, பூச்சி அரித்ததை எல்லாம் ஒதுக்கிப் போடுவார். "இது எம்பொண்ணு தல மேல நிக்கப்போறது" என்பார். அடுப்புக்கு எதிரில் எங்கே தூளி கட்டலாம் என்று முதல் கம்பம் நட்ட அன்றே பார்த்து வைத்துவிட்டார்.

தரை வேலையில்தான் முதல் தகராறு. பழைய தரை திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கப்பட்டது என்பது புரொபசரின் எண்ணம். கொத்தனாரைக் கூட்டிவந்து அடிக்கவும் அடித்தாயிற்று. மூன்றாம் நாள் காய்ந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அக்கா பழைய குழிக்குள் இறங்கினார். சுவர் விழுந்து மூடியிருந்த ஓரத்தில், யார் காலும் பட்டுத் தேயாத இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் தடவினார். பிறகு எழுந்து தன் குதிகாலை அந்தப் பள்ளத்துக்கு மேலே, படாமல், நீட்டிக் காட்டினார்.

"இது அடிச்சது இல்ல சார். மிதிச்சது."

உப்புப் பாத்தி அப்படித்தான் தயாராகும். பெண்கள் வரிசையாகக் கைகோத்து, பின்னோக்கி நடந்துகொண்டே, ஈரக் களியைக் குதிகாலால் மிதிப்பார்கள். ஒரு மிதி முந்தின மிதியின் பாதியை மூட வேண்டும். காயவிட்டு, வெடிப்பு விடும் நேரம் பார்த்துத் தண்ணீர் தெளித்து மறுபடி மிதிப்பார்கள். மேலே பொடி மணல் தூவி இன்னொரு மிதி. இப்படிப் பல நாள். பழைய தரையின் ஓரத்தில் இருந்த பள்ளங்கள் ஒன்றின் பாதியை ஒன்று மூடிக்கொண்டு வரிசையாக இருந்தன. நானே அவற்றைப் படம் வரைந்திருக்கிறேன். அடித்த கட்டையின் தடம் என்று பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். படித்த படிப்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

பன்னிரண்டு பேரும் மிதித்தார்கள். தரை வெடிக்கவில்லை. ஆனால் கைப்பழக்கம், இல்லை, கால்பழக்கம் சும்மா விடுமா? ஓரத்தில் மிதித்தவர்கள் பாத்தியில் செய்வது போலவே களியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுற்றிலும் ஒரு சின்ன வரப்பை எழுப்பிவிட்டிருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. கூரை பாதி வேய்ந்திருந்தபோது பங்குனியில் திடீரென்று ஒரு மழை கொட்டியது. காலையில் வந்து பார்த்தால் மூவாயிரம் வருஷத்து வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "வூடு கட்டச் சொன்னா பாத்தி கட்டி வெச்சிருக்கோம்டி. இன்னும் ஒரு வாரம் வுட்டா உப்பு வாரலாம்" என்றார். பெண்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடல் வந்து போனதற்குப் பிறகு அவர்கள் அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அக்கா வாசலுக்கு இடப்பக்கம் வரப்பைக் குதிகாலால் கீறி ஒரு மடை வெட்டினார். தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. பழைய தரையிலும் வாசலுக்கு இடப்பக்கம் அதே போல ஒரு வெட்டு உண்டு. புரொபசர் அதைச் சடங்குக் குழி என்று எழுதியிருந்தார். முன்னோர்களுக்கு அங்கே பால் வார்த்திருப்பார்களாம்! இவர்களுக்கு ஒரு பொருள் எதற்கென்று தெரியாவிட்டால் அது சடங்குதான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வாரம் கழித்து எழுதிய கட்டுரையில் அது வடிகால் என்று இருந்தது, ஆழ்ந்து யோசித்ததில் தமக்குத் தோன்றியதாக. அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. மிதித்த தரையும் அவருக்கே தோன்றியதுதான்.

அக்காவிடம் சொன்னேன். அவர் துளிகூடச் சட்டை செய்யவில்லை. "எழுதிக்கட்டும்மா, எனக்கு இன்னா. வூடு இருக்குது இல்ல" என்றார்.

சித்திரை முதல் வாரம் வீடு முடிந்தது. நான் எழுதுவது மிகையாகத் தெரியலாம், ஆனால் வெயிலிலிருந்து குனிந்து உள்ளே போனால் உடம்பு ஒரு நொடி திடுக்கிடும், அவ்வளவு குளிர்ச்சி. தாழ்வான கூரை, தடித்த மண்சுவர், கால் வைத்தால் சில்லென்ற தரை. திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். பொம்மையார்பாளையத்து விருந்தினர் விடுதியிலிருந்து சாப்பாடு வந்தது. பன்னிரண்டு பெண்களும் தூரத்தில் வேப்பமர நிழலில் நின்றார்கள்.

மறுநாள் பூட்டு.

"கமிட்டி முடிவு பண்ணணும். யார் இருக்கறது, என்ன விதிமுறைன்னு. அவசரப்படக் கூடாது" என்றார் புரொபசர். அதே வாரத்தில் மூன்று கல்லூரி மாணவர்களை அதில் மூன்று நாள் 'வாழ' வைத்தார். இடையஞ்சாவடி பக்கமிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். மாணவர்கள் மினரல் வாட்டர் குடித்தார்கள், கொசுவத்தி கொளுத்தினார்கள், கேரியரில் வந்த பிரியாணி சாப்பிட்டார்கள். அடுப்பில் ஒரு சுள்ளி எரியவில்லை. நான்காம் நாள் அவர்கள் போனதும் மறுபடி பூட்டு.

சித்திரை மூன்றாம் வாரத்தில் அக்காவின் மகளுக்குப் பையன் பிறந்தான். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தார் ஷீட் கொட்டகைக்குத்தான் கொண்டுவந்தார்கள், வேறு எங்கே போவது? இரண்டு நாளில் கத்திரி வெயில் ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தேன். குழந்தைக்குக் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு வெடித்துக் கொப்புளமாகியிருந்தது. பால் குடிக்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. மகள் ஈரத்துணியைப் போர்த்தி விசிறிக்கொண்டிருந்தாள். நர்சம்மா வந்து பார்த்துவிட்டு, குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மகள் என்னைப் பார்த்து, "அக்கா, அந்த வூடு எப்பக்கா குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் புரொபசருக்கு எஸ்.டி.டி. போட்டேன். நிலைமையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கைக்குழந்தைம்மா. மூத்திரம் போகும், கக்கும். தரை கெட்டுடும். நம்ம டேட்டா எல்லாம் போயிடும்" என்றார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் குழந்தைகள் அடக்கிக்கொண்டா இருந்தன? அந்த ஊரில் பிள்ளையே பெறாமல்தான் நாம் இவ்வளவு பேர் வந்தோமா? இதையெல்லாம் போனை வைத்த பிறகு, பூத்துக்கு வெளியே நின்று, என் சைக்கிளிடம் சொன்னேன். போனில் "சரி சார்" என்றுதான் சொன்னேன்.

ஆனால் சாவி என்னிடம் இருந்தது. தினமும் உள்ளே போய்ச் சுவரில் வெடிப்பு உண்டா, கரையான் உண்டா என்று பார்த்து எழுதுவது என் வேலை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பூட்டைத் திறந்து, மகளையும் குழந்தையையும் உள்ளே கூட்டிவந்தேன். அக்கா முன்பே பார்த்து வைத்திருந்த இடத்தில் நைலக்ஸ் சேலையில் தூளி கட்டினார். குழந்தை அரை மணிநேரத்தில் தூங்கிவிட்டது. மகளும் தரையில் வெறும் முதுகைச் சாய்த்துத் தூங்கினாள். ஐந்து மணிக்குத் திரும்பப் பூட்டினேன். இப்படிப் பத்து நாள். கொப்புளம் வாடியது, பால் குடித்தான். அக்கா அடுப்பையும் மூட்டினார், புகை கூரைக்குள் சுற்றி மெல்ல வெளியேறியது.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பொய் எழுத எனக்கு வராது. "இன்று ஒரு குழந்தை தரையில் சிறுநீர் கழித்தது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் வடிகால் வழியாக வெளியேறிவிட்டது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை." அந்த நோட்டு முழுவதிலும் உண்மையான ஆராய்ச்சி என்று இருந்தது அந்தப் பத்து நாள் மட்டும்தான்.

பதினோராம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வேன் வந்து நின்றது. புரொபசரும் இரண்டு விருந்தாளிகளும் இறங்கினார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன், சாவி கையில் இருந்தது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். தூளியையும், அடுப்பில் இருந்த அலுமினியச் சட்டியையும், தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்த பெண்ணையும் பார்த்தார்.

"யார் திறந்துவிட்டது?"

நான் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரி, மூக்கு நுனிக்காரி, ஊரையே வாயால் வெட்டுகிறவள், சாவியைக் கைக்குள் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அந்த வேலை போனால் வேறு வேலை இல்லை, மறுபடி மல்லாட்டைக் கொல்லைதான் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். "நாந்தான் சார். சங்கிலிய நெம்பி எடுத்துட்டேன்" என்றார்.

சங்கிலி ஒரு கீறல் இல்லாமல் கம்பத்தில் தொங்கியது. திறந்த பூட்டு அதிலேயே மாட்டியிருந்தது. ஊர் ஊராகத் தோண்டி, ஒரு கரித்துண்டைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லும் அந்த அறிவாளி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் அவருக்கு மானம் போய்விட்டது. "இது திருட்டுக்குச் சமம், தெரியுமா? இனி உங்க ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். வாரா வாரம் தரை மெழுகச் சில பெண்களுக்குத் தருவதாக இருந்த வேலையும் அத்தோடு போயிற்று. மகள் தூளியை அவிழ்த்து, குழந்தையைத் தலைப்புக்குள் போர்த்திக்கொண்டு, அந்த இரண்டு மணி வெயிலில் ரோட்டைப் பார்த்து நடந்தாள். அக்கா அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மகள் மட்டும் ஒரு தடவை நின்று என் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றிரவே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. பிழைத்துக்கொண்டான். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

இரண்டு நாள் கழித்துப் புரொபசர் நோட்டைப் படித்தார். பூட்டைத் திறந்தது யார் என்று அவருக்கு அப்போது நிச்சயம் புரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பத்து நாள் பக்கங்களை எடுத்துவிடு, சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பிளேடால் அறுத்து எடுத்தேன். ஆமாம், அதையும் நான்தான் செய்தேன். பக்கங்களைக் கிழித்துப் போடவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அதை வைத்து என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், ஒன்றும் செய்யவில்லை.

ஆள் இல்லாத வீடு, அடுப்புப் புகை இல்லாத கூரை. ஆடியிலேயே கரையான் ஏறிவிட்டது. மெழுகாத தரை பொரிப்பொரியாக எழும்பியது. வடிகாலில் சருகு அடைத்துக்கொண்டது, அதை எடுத்துவிட ஒரு குதிகால் இல்லை. நான் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழை ஒரு பேய் மழை. கூரை ஒரு பக்கம் சரிந்தது, சுவர் ஊறிக் கரைந்தது. பதினோரு கம்பங்கள் மட்டும் பூட்டிய சங்கிலியோடு நின்றன.

2006 தொடக்கத்தில் அறிக்கை வந்தது. இந்த வகை வீடுகள் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்கமாட்டா, ஆகவே இந்தக் கடற்கரையில் வாழ்ந்த ஆதி மக்கள் நிலையாக ஓரிடத்தில் தங்காதவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. உள்ளூர்த் தொழிலாளர்களுக்கு நன்றி என்று கடைசியில் அரை வரி. படித்துவிட்டுச் சாவியை அவருடைய மேசைமேல் வீசிவிட்டு வேலையை விட்டேன். பெரிய வீரம்! ஒன்பது மாதம் தாமதமாக, ஒருவருக்கும் பயன்படாத வீரம்.

அந்த வருஷ ஆனியில்தான் துணிந்து அக்காவைத் தேடிப்போனேன். உப்பு மறுபடி விளையத் தொடங்கியிருந்தது. பாத்தி ஓரத்து மேட்டில் அக்கா சொந்தமாக ஒரு குடிசை போட்டிருந்தார். கம்பம் சவுக்கு, கட்டு நைலான் கயிறு, மேலே பனை ஓலை, ஓலைக்கு அடியில் கொட்டகையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த அதே தார் ஷீட். தரை மட்டும் மிதித்த தரை. அந்தப் பன்னிரண்டு பேரும்தான் வந்து மிதித்தார்களாம். போன ஐப்பசி மழையை முழுக்கத் தாங்கிய வீடு அது.

"வாம்மா, உள்ள வா. வெயில்ல நிக்கிற" என்றார் அக்கா. ஒன்றுமே நடக்காத மாதிரி மோர் எடுக்கப் போனார். மகள் பிள்ளையோடு வந்திருந்தாள். சுவரோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வா என்று சொல்லவில்லை.

பையன் அப்போது நடக்கத் தொடங்கியிருந்தான். தரை நடுவில் வந்து நின்று என்னை வேடிக்கை பார்த்தபடியே மூத்திரம் போனான். மகள் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காலால் தள்ளிவிட்டாள். வாசலுக்கு இடப்பக்கம் இருந்த மடை வழியாக அது வெளியே ஓடியது. தரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு பூட்டைத் திறந்தது நான்தான்னு சொல்லியிருக்கணும்."

அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

"ஆமா மேடம், சொல்லியிருக்கணும்" என்றாள்.